அமாவாசை கழிந்தால் வரும் பச்சை

புதிதாக ஆய்வுக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் படிக்கக் கொடுக்க ஏதாவது எழுதித் தரும்படி துறைத் தலைவர் கேட்டார். உங்கள் சாதனைகளைப் பற்றி எழுதுங்களேன் என்று யோசனையும் சொன்னார். மரியாதைக்குச் சொல்லியிருப்பார். என் சாதனைகள் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. அந்தப் பக்கமும் கல்லூரி இணையதளத்தில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். அச்சுக்குப் போகவிருந்த ஓர் ஆய்வுக் கட்டுரையை நான் திரும்பப் பெற்றுக்கொண்ட கதை இது. அந்தக் கட்டுரையை நம்பித்தான் என் மாணவி ஒருத்தியின் முனைவர் பட்டம் இருந்தது.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நானோ என்ற சொல் இல்லாமல் ஒரு கருத்தரங்கு அழைப்பிதழ்கூட அச்சாகாத காலம். எங்களுக்கும் அந்த ஆசை வந்தது. ஆசைக்கு ஏற்ற கருவிகள்தான் இல்லை. ஓர் அறை, ஒரு சூடேற்றி, ஒரு தராசு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து இருட்டாக்கிய ஒரு மூலை, அந்த மூலையில் ஒரு புற ஊதா விளக்கு. பெரிய அளவீடு ஏதாவது வேண்டுமென்றால் மாதிரிகளை டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏற வேண்டும்.

எங்கள் திட்டம் எளிமையானது. சூரிய மின்கலத்தின் மேல் விழும் வெயிலில் புற ஊதா ஒளியும் இருக்கிறது. மின்கலத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அந்த ஒளியை வாங்கிப் பச்சை ஒளியாக மாற்றிக் கொடுக்கும் மெல்லிய பூச்சு ஒன்றைக் கண்ணாடி மேல் பூசிவிட்டால், வீணாகும் வெயில் பயன்படும். அதற்கு நாங்கள் எடுத்துக்கொண்டது துத்தநாக சல்ஃபைடு. விஷமில்லாதது, எளிதாகக் கிடைக்கக்கூடியது. துத்தநாக உப்பு, தயோயூரியா, அமோனியா மூன்றையும் கரைத்துச் சூடாக்கி, அந்தக் கரைசலில் கண்ணாடித் தகடுகளை மணிக்கணக்கில் தொங்கவிட்டால், தகட்டின் மேல் நானோ துகள்கள் மெல்லிய படலமாகப் படியும். ஒரே ஒரு சிக்கல், சுத்தமான துத்தநாக சல்ஃபைடு மங்கலான நீலத்தில்தான் ஒளிரும். அது பச்சையாக ஒளிர வேண்டுமென்றால் வேறு உலோகம் ஏதாவது கொஞ்சம் கலக்க வேண்டும். இது பழைய செய்தி, பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

இந்த வேலையைச் செய்துவந்தவள் பரிமளா. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம், வீட்டில் இரண்டு தறி. விடியற்காலையில் எழுந்து அப்பாவுக்கு எதிர்த்தறியில் உட்கார்ந்து ஒரு முழம் நெய்துவிட்டு, ஐயம்பேட்டைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி ஒன்பதரைக்குக் கல்லூரி வாசலில் இறங்குவாள். பேச்சு குறைவு. கேட்டதற்குப் பதில் சொல்வாள், கேட்காததைச் சொல்ல மாட்டாள். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி வைப்பாள். நான் தாமல்காரன், நெல் போட்டுப் பழகிய வீட்டிலிருந்து வந்தவன். எனக்கு வாயும் அதிகம், அவசரமும் அதிகம். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை அவள் என் அறைக்கு வந்து, "சார், ஒரு பிளேட் வித்தியாசமா இருக்குது, வந்து பாக்கறீங்களா" என்றாள். இருட்டு மூலைக்குப் போய்ப் பார்த்தேன். புற ஊதா விளக்கின் கீழே அந்தத் தகடு நல்ல இளம்பச்சையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. நாற்று விட்டுப் பத்து நாளான நிறம். வேறு எதுவும் கலக்கவில்லையே என்று கேட்டேன். இல்லை என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எதையும் கலக்காமல் பச்சை வருகிறதென்றால், அது படிகத்தின் உள்ளமைப்பில் இருக்கும் குறைகளால்தான் வர வேண்டும் என்று அன்று மதியத்துக்குள் நான் முடிவுகட்டிவிட்டேன். இரண்டு வாரத்தில் அதற்கு ஒரு கோட்பாடும் எழுதிவிட்டேன். நல்ல கோட்பாடு. இன்றைக்கும் அதை எடுத்துப் படித்தால் நம்பத்தான் தோன்றும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாத் தகடும் பச்சையாக வரவில்லை. சிலது நன்றாக வந்தது, சிலது சுமார், சிலது பழைய நீலத்திலேயே நின்றது. பரிமளா அதையும் எழுதி வைத்திருந்தாள், என்னிடமும் சொன்னாள். மின்வெட்டு, வோல்டேஜ் ஏற்ற இறக்கம், கரைசல் சீராகச் சூடாகவில்லை என்று நான் அவளுக்கு விளக்கம் கொடுத்தேன். கட்டுரையில் நன்றாக வந்தவற்றை மட்டும் போட்டோம். போட்டது நான். நம்மில் பலரும் செய்கிற வேலைதான், அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நன்றாக வந்ததைப் பார்த்து மகிழ்ந்த நேரத்தில் பாதியை, வராததன் மேல் செலவழித்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

கட்டுரை ஏற்கப்பட்டது. பரிமளாவின் ஆய்வேட்டில் மொத்தம் ஐந்து இயல்கள், அதில் மூன்று இந்தப் பச்சையைப் பற்றியவை. பதிவுக் காலம் முடிய நான்கு மாதம் இருந்தது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும், ஐந்து வருட உழைப்பு வீண். அவள் வீட்டில் அவளுக்குக் கொடுத்திருந்த தவணையும் அதுதான் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் சென்னையிலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றில் இருந்தவர், எனக்கு மூத்தவர், நான் மாணவனாக இருந்தபோது எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர். கட்டுரையின் பிரதியை ஆசையோடு நான்தான் அவருக்கு அனுப்பியிருந்தேன். அவர் பாராட்டவில்லை. எங்கள் முறைப்படியே தன் மாணவர்கள் ஆறு முறை செய்து பார்த்தார்கள், ஆறு முறையும் நீலம்தான் என்றார். எங்கள் தண்ணீர் வேறு, எங்கள் ரசாயனம் வேறு என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் பொண்ணை அனுப்புப்பா. உன் தண்ணி, உன் கெமிக்கல் எல்லாத்தையும் எடுத்துக்கினு வரட்டும். இங்க செஞ்சு காட்டட்டும்" என்றார்.

பரிமளா இரண்டு கேன் தண்ணீரும் மூன்று பாட்டிலுமாக பஸ் ஏறிப் போனாள். நான்கு நாள் அங்கே தங்கி, தன் கையாலேயே செய்தாள். எல்லாமே நீலம். ஐந்தாம் நாள் திரும்பி வந்து என் மேசைக்கு எதிரே நின்று, "வரல சார்" என்றாள்.

அதற்கு அடுத்து நான் செய்ததை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அதே ஆள், அதே தண்ணீர், அதே ரசாயனம். இங்கே வருகிறது, அங்கே வரவில்லை. அப்படியென்றால் இங்கே யாரோ எதையோ செய்கிறார்கள். இங்கே இருப்பது இரண்டே பேர், நான் பீக்கரைத் தொடுவதில்லை. என் மண்டை அந்த வழியில் வேகமாக ஓடிவிட்டது. முதல் பச்சையைப் பார்த்து நான் குதித்த குதியில், என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக இந்தப் பெண் கரைசலில் எதையாவது ஒரு சிட்டிகை போடுகிறாளோ என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

"பரிமளா, நெஜத்தைச் சொல்லு. இங்க செய்யும்போது எதையாவது கலக்கறியா?" என்று கேட்டேன்.

 அவள் முகம் கறுத்துவிட்டது. வெளியே போனாள். அலமாரியிலிருந்து தன் நான்கு குறிப்பேடுகளையும் எடுத்து வந்து என் மேசையில் வைத்தாள்.

"இதுல எழுதாதது எதையும் நான் பண்ணல சார். நீங்களே பாத்துக்குங்க."

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அந்த இரண்டு நாளும் நான் குறிப்பேடுகளோடு உட்கார்ந்திருந்தேன். குற்றத்தைக் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன், அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு தகட்டுக்கும் நாள், நேரம், எடை, சூடு, மின்சாரம் போன நேரம், வந்த நேரம், ஒளியின் நிறம் என்று எல்லாம் இருந்தது. பொய் எழுதுகிறவர்கள் மின்சாரம் போன நிமிடத்தையெல்லாம் எழுதி வைக்க மாட்டார்கள். நாற்பது பக்கம் புரட்டியதுமே எனக்கு அது புரிந்துவிட்டது, அப்போதே வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் விடாமல் படித்தேன், ஏனென்றால் இப்போது பச்சை எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது.

பச்சையாக வந்த நாட்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். அவை சிதறிக் கிடக்கவில்லை. மூன்று நான்கு நாள் நல்ல பச்சை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மங்கி நீலம், பிறகு திடீரென்று மீண்டும் பச்சை. ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை. மின்வெட்டு இப்படிக் கணக்காக வராது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பச்சை தொடங்கிய நாள் அமாவாசைக்கு மறுநாளாகவோ அதற்கடுத்த நாளாகவோ இருந்தது.

இருபத்தைந்து வருடம் இயற்பியல் கற்றுக்கொடுத்தவன், காலண்டரில் அமாவாசைக்கு வட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாராவது உள்ளே வந்துவிடுவார்களோ என்று எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். நிலவுக்கும் துத்தநாகத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அமாவாசைக்கும் பிள்ளையார்பாளையத்துக்கும் சம்பந்தம் உண்டு, அது இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? அமாவாசையன்று தறி ஓடாது. மாதத்தில் அந்த ஒரு நாள் நெசவாளிக்கு விடுமுறை. வேறு ஊரில் இருக்கிற விஞ்ஞானிக்கு அந்தத் தாளில் கிறுக்குத்தனம்தான் தெரிந்திருக்கும். எனக்கு ஒரு வீட்டின் வழக்கம் தெரிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன்.

தெருவில் நுழையும்போதே தறிச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. பரிமளா தறியில் இருந்தாள். என்னைப் பார்த்து இறங்கி நின்றாள், வாங்க என்று சொல்லவில்லை. அவள் அப்பாதான் எழுந்து வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் கேட்ட கேள்வியை அவள் வீட்டில் சொல்லியிருக்கவில்லை என்பது அவர் உபசரித்ததிலிருந்தே தெரிந்தது. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அப்பாவுக்கு எதிரில் எப்படிக் கேட்பது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

அமாவாசை சமயத்தில் லேபில் புதிதாக என்ன செய்கிறாய் என்று கேட்டேன். ஒன்றும் இல்லையே என்றாள். யோசித்துச் சொல், வீட்டிலிருந்து ஏதாவது எடுத்து வருகிறாயா என்று கேட்டேன். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா குறுக்கே பேசினார்.

"ஜரிகை தான் சார் எடுத்துக்கினு வருது. அமாவாசைக்குத் தறிய நிறுத்தி சுத்தம் பண்ணுவோம்ல, அப்போ நாடாவுல போடுற தார்க்குச்சியில சுத்துனது மீந்து நிக்கும். லேபுக்கு வேணும்னு பாப்பா கேக்கும், எடுத்துக் குடுப்பேன். வேற என்ன இருக்குது சார் எங்ககிட்ட?"

பரிமளாவின் கை வாய்க்குப் போனது. "பிளேட்டு கட்டுற நூலு சார்" என்றாள்.

தகடுகளைக் கரைசலில் தொங்கவிட ஏதாவது ஒரு நூல் வேண்டுமல்லவா. பருத்தி நூல் கரைசலில் ஊறித் தொய்ந்துவிடும், தகடு சாய்ந்துவிடும். பட்டு நூல் சூடான அமோனியாவில் வழவழப்பாகி முடிச்சு நழுவும். நான்கு இழை ஜரிகையை முறுக்கிக் கட்டினால் அசையாது. நூலோடு பிறந்து வளர்ந்த பெண், மிகச் சரியான நூலைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். இழை நைந்து போகும் வரைக்கும் அதையே கட்டுவாள், அமாவாசைக்குப் புதிதாகக் கொண்டுவருவாள். நல்ல ஜரிகை என்றாலும் அதில் வெள்ளியோடு செம்பும் உண்டு. அமோனியா செம்பைக் கரைக்கக்கூடியது. புது நூலிலிருந்து கொஞ்சம் செம்பு கரைசலில் இறங்கும், படலத்தில் கலக்கும், பச்சை வரும். போகப்போக நூலின் மேலேயே படலம் படிந்து மூடிக்கொள்ளும், பச்சை மங்கும். சென்னையில் அவர்கள் தகடு மாட்டப் பிளாஸ்டிக் கிளிப் வைத்திருந்தார்கள். செம்பு சேர்ந்தால் துத்தநாக சல்ஃபைடு பச்சையாக ஒளிரும் என்பதுதான் நான் முன்பே சொன்ன அந்தப் பாடப் புத்தகச் செய்தி.

அந்த நூல் இரண்டு வருடமாக என் கண்ணெதிரே பீக்கரில் மின்னிக்கொண்டு தொங்கியது. தினமும் பார்த்தேன். காஞ்சிபுரத்தில் ஜரிகையைப் பார்த்து யார் நின்று யோசிப்பார்கள்? சட்டையில் ஒரு இழை ஒட்டியிருந்தால்கூடத் தட்டிவிட்டுப் போகிற ஊர். வேறு ஊர்க்காரன் ஒருவன் எங்கள் ஆய்வகத்துக்குள் வந்திருந்தால் முதல் நாளே இது என்ன என்று கேட்டிருப்பான். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், கண்ணில் பட்டும் படாத பொருள் எது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது, ஆனால் ஏதோ ஒன்று இருக்கும்.

மறுநாள் மூன்று பீக்கர் வைத்தோம். ஒன்றில் நைலான், ஒன்றில் பட்டு, ஒன்றில் புது ஜரிகை. மதியம் இருட்டு மூலையில் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். நீலம், நீலம், பச்சை.  அவளுடைய மூன்று இயல்கள் அந்த மூலையில் முடிந்து போயின.

அறைக்குத் திரும்பியதும் எனக்கு ஒரு வழி தோன்றியது. கெட்டிக்காரத்தனமான வழி, அதனால்தான் ஆபத்தானது. பூச்சு உண்மை, பச்சை உண்மை, செம்பும் உண்மை. கட்டுரை இன்னும் அச்சாகவில்லை. செம்பை நாங்களே திட்டமிட்டுச் சேர்த்தோம் என்று நான்கு வரி மாற்றிவிட்டால் போதும். புதுமை கொஞ்சம் குறையும், ஆனால் கட்டுரையும் நிற்கும், ஆய்வேடும் நிற்கும், நான்கு மாதத்தில் அவளுக்குப் பட்டமும் கிடைக்கும். உனக்காகத்தான் சொல்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். பாதி அவளுக்காக, பாதி எனக்காக.



"எவ்ளோ செம்பு சேத்தோம்னு கேட்டா என்ன சார் சொல்றது?" என்றாள். அவளே தொடர்ந்தாள். "எங்க வீட்டுக்குப் புடவை வாங்க வர்றவங்க மொதல்ல அதத்தான் கேக்கறாங்க, ஜரிகையில வெள்ளி எவ்ளோன்னு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுவாரு அப்பா. வாயில வந்தத சொல்ல மாட்டாரு."

ஒரு சோதனையில் எவ்வளவு சேர்த்தோம் என்று சொல்ல முடியாவிட்டால், நாம் எதையும் சேர்க்கவில்லை, அதுவாகச் சேர்ந்தது. எனக்கு அது தெரியாமல் இல்லை. அதை என் முகத்துக்கு நேரே சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆள் இதில் எல்லாவற்றையும் இழக்கப்போகிறவளாக இருந்தாள்.  கட்டுரையைத் திரும்பப் பெறலாம் என்று முடிவு செய்தோம்.

திரும்பப் பெறும் கடிதத்தை அன்று மாலையே தட்டச்சு செய்தேன். இருவரும் எழுதிய கட்டுரை, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சோதனையின்போது மாணவி பயன்படுத்திய நூலிலிருந்து உலோகக் கலப்பு நேர்ந்துவிட்டது, எனவே முடிவுகள் செல்லாது, வருந்துகிறோம் என்று எழுதியிருந்தேன். ஒரு வார்த்தை பொய் கிடையாது. அவளிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தாள், இரண்டாவது முறையும் படித்தாள். கையெழுத்துப் போடாமல் என் பக்கமே திருப்பி வைத்தாள்.

"நூல் கட்டுனது நான்தான் சார். எழுதுங்க. ரெண்டு வருசமா அதப் பாத்துக்கினே இருந்தது யாருன்னும் எழுதணும்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று காட்டுகிற மாதிரிதான் சொன்னாள். எனக்குத்தான் முதலில் கோபம் வந்தது, அதுவும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. எழுதும்போது இவள் மேல் பழிபோடுகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நடந்ததை எழுதுகிறோம் என்றுதான் நினைத்தேன். பெரியவர்கள் சின்னவர்கள் மேல் பழியைத் தள்ளும்போது பெரும்பாலும் இப்படித்தான், உண்மையை மட்டும் வைத்து, அதில் ஒரு பாதியை மட்டும் எழுதித் தள்ளுவார்கள். நாளைக்கு உங்களுக்குக் கீழேயும் மாணவர்கள் வருவார்கள், அப்போது உங்கள் கடிதங்களை ஒரு முறை அவர்கள் கண்ணால் படித்துப் பாருங்கள்.

புதிதாக எழுதினேன். நூலைத் தேர்ந்தெடுத்தது மாணவி, சோதனை அமைப்பைச் சரிபார்க்க வேண்டிய பொறுப்பு வழிகாட்டியுடையது, அவர் அதைச் செய்யவில்லை, மாறி மாறி வந்த முடிவுகளை மாணவி சுட்டிக்காட்டியும் அவர் பொருட்படுத்தவில்லை என்று. அவள் படித்தாள், பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

சென்னைக்குத் தொலைபேசியில் சொன்னபோது மூத்தவர் முதலில் சிரித்தார், ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, அந்தப் பெண்ணுக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைப் பல்கலைக்கழகத்துக்கு விரட்டியது. பதிவுக் காலத்தை நீட்டிக்கக் கோரி விண்ணப்பம் போட்டோம். குழு என்னைக் கூப்பிட்டது. நீட்டிக்க என்ன காரணம் என்று கேட்டார்கள். கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். அப்படியென்றால் தவறு மாணவியுடையதா, உங்களுடையதா என்று ஒருவர் கேட்டார். அந்தச் சமயத்தில் இருவருடையதும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம், அதுவும் பொய்யாகாது. அவள் செய்தது தவறு, நான் செய்தது கடமை தவறியது, எனவே என்னுடையது என்று சொன்னேன். ஓர் ஆண்டு நீட்டித்தார்கள். எனக்கு, இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய ஆய்வு மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று ஓர் உத்தரவு வந்தது. வலித்தது. ஆனால் அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஓர் ஆண்டில் பரிமளா எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். நைலான் நூலில் தகடுகளைக் கட்டினாள், செம்பு உப்பை மில்லிகிராம் கணக்கில் எடைபோட்டுச் சேர்த்தாள். எவ்வளவு சேர்த்தால் எவ்வளவு பச்சை, எந்த அளவுக்கு மேல் போனால் ஒளி குறையத் தொடங்குகிறது என்று ஒழுங்காக வரைந்து காட்டினாள். உலகம் திரும்பிப் பார்க்கிற கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. யார் வேண்டுமானாலும், எந்த ஊரில் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம், அதே பச்சைதான் வரும். ஜரிகை விஷயத்தை ஒரு தனி இயலாக அவளே எழுதினாள். அது வேண்டுமா என்று கேட்டேன். அடுத்து அமோனியாவில் எதையாவது தொங்கவிடுகிறவர்களுக்குப் பயன்படும் என்றாள்.

வாய்மொழித் தேர்வு எங்கள் கல்லூரியிலேயே நடந்தது. அவள் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தேர்வாளர் உள்ளே போய்விட்டார், பரிமளாவைக் கூப்பிட இன்னும் சில நிமிடம் இருந்தது. வராந்தாவில் நானும் அவளும் மட்டும் நின்றோம். ஒரு வருடமாக ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்ததை அப்போது சொன்னேன். அன்று உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு, அப்படிக் கேட்டிருக்கவே கூடாது, மன்னித்துக்கொள்ளம்மா என்றேன். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவள் கையிலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இத நீங்க எங்க வீட்டுக்கு வந்தீங்களே, அன்னிக்கே சொல்லியிருக்கணும் சார்" என்றாள். "எங்கப்பாவுக்கு எல்லாம் தெரியும். நான் சொல்லல, ரெண்டு நாள் நான் சாப்பிடாம இருந்ததுல, நீங்க ஏதோ சொல்லிட்டீங்கன்னு அவரே புரிஞ்சிக்கினாரு. நீங்க சொல்லுவீங்கன்னு தான் அன்னிக்கு நாற்காலி போட்டாரு."

உள்ளே இருந்து கூப்பிட்டார்கள், அவள் போனாள். நான் பின்னால் போய், கடைசி வரிசையில் அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். பெண் பேசி முடிக்கும் வரை இருவரும் முன்னால் பார்த்தபடியே இருந்தோம். பட்டத்துக்குத் தகுதி பெற்றாள் என்று அறிவித்து எல்லோரும் கை தட்டியபோது அவர் பக்கம் திரும்பி, அந்தச் சத்தத்திலேயே, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. கை தட்டல் நின்ற பிறகு இன்னொரு முறை சொன்னேன்.